வீட்டுப் பெரியவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி: கொரோனாவுக்கும் அது காவலா?



குடும்ப நலத் துண்டுப் பிரசுரம் என்றால் கர்ப்பிணி, கைக்குழந்தை, இரண்டு பிரசவத்துக்கு நடுவில் விடவேண்டிய இடைவெளி, இவற்றைப் பற்றித்தான் பேசும் என்று நினைப்பீர்கள். இந்த முறை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பற்றிப் பேசுவோம். யோசித்துப் பார்த்தால் இவர்களும் நமக்குப் புதியவர்கள் அல்ல. 1970-களில் ஊர்ச் சுவர்களில் எழுதியிருந்த சிவப்பு முக்கோணத்தைப் பார்த்து, இரண்டு மூன்று குழந்தைகளோடு நிறுத்திக்கொண்ட இளம் தம்பதிகள்தான் இன்று எழுபதைத் தாண்டி உங்கள் மாமனார் மாமியாராக, உங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தா அப்பாயியாக இருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் திருப்பூரில். வீட்டோடு இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். நீங்கள் காட்டுக்குப் போகும்போது பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது அந்த அப்பாயி. அவர் படுத்துவிட்டால் வீடே நின்றுபோகும்.

கொரோனா வந்துபோன பிறகு கிராமத்தில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டா கொரோனாவும் கிட்ட வராதாமே, நெசமா?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஃப்ளூ ஊசி ஃப்ளூ காய்ச்சலுக்குத்தான் காவல். கொரோனாவை அது தடுக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. ஆனாலும் வயதானவர்களுக்கு அந்த ஊசி போடுவது நல்லது. இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். முரண் இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டுக்குள் நோய் எப்படி வந்தது?

2020-ஆம் ஆண்டு மே மாதத்தை நம் இரண்டு மாவட்டத்திலும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கவும் காய்கறிக் கடைகளில் வேலை பார்க்கவும் போயிருந்த நம் ஊர் ஆட்கள், அங்கே நோய் பரவியதும் லாரியிலும் கிடைத்த வண்டியிலும் ஊர் திரும்பினார்கள். மே 5-ஆம் தேதி மார்க்கெட்டையே மூடினார்கள். அதுவரை அரியலூர் மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த நோயாளிகள், சில நாட்களுக்குள் இருநூறைத் தாண்டினார்கள். பெரம்பலூரிலும் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

அப்படி வந்தவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. பிழைக்கப் போன இடத்தில் வேலை போனால் சொந்த ஊருக்கு வராமல் எங்கே போவார்கள்? இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. வந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதுக்காரர்கள். பலருக்குக் காய்ச்சல்கூட இல்லை. நடமாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள். அதே கிருமி அறுபது எழுபது வயதுக்காரரிடம் போனால் கதை வேறு. இளவயதுக்காரர் ஊரெல்லாம் சுற்றிக் கிருமியைச் சுமந்து வருகிறார், பெரியவர் இருந்த இடத்தில் இருந்தே அதற்கு விலை கொடுக்கிறார். ஃப்ளூ காய்ச்சலும் இதே வழியில்தான் வீட்டுக்குள் நுழைகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, சந்தைக்குப் போகும் அப்பா, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா என்று யார் மூலமாகவும் வரலாம்.

இரண்டும் வேறு வேறு கிருமி

ஜுரம், இருமல், உடம்பு வலி. பார்த்தால் ஃப்ளூவும் கொரோனாவும் ஒன்று போலவே இருக்கும். பரிசோதனை செய்யாமல் டாக்டராலும் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் கிருமிகள் வேறு. ஃப்ளூ வைரஸ் பழைய எதிரி. 1918-ல் அது உலகையே சுற்றி அடித்தபோது இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் மாண்டார்கள். 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வாங்கி வந்ததும் ஃப்ளூவில் ஒரு வகைதான். அது திரும்பிப் போய்விடவில்லை. இன்றும் ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாக நம்மோடேயே இருக்கிறது. உலக முழுவதும் ஃப்ளூவால் மூச்சு சம்பந்தமான கோளாறு ஏற்பட்டு ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டைத் திறக்காது. ஃப்ளூ ஊசி உடம்புக்கு அடையாளம் காட்டிக் கொடுப்பது ஃப்ளூ வைரஸை மட்டுமே. அப்படியிருக்க, கொரோனாவுக்கும் உதவும் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது?

வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. 2020-ல் பல நாட்டு டாக்டர்கள் தங்கள் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பிரேசில் நாட்டில் கொரோனா கண்ட 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை அலசினார்கள். அண்மையில் ஃப்ளூ ஊசி போட்டிருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, போடாதவர்களைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இத்தாலியிலும், முதியோர் அதிகம் பேர் ஃப்ளூ ஊசி போட்டிருந்த பகுதிகளில் கொரோனாச் சாவு குறைவு என்று ஓர் ஆய்வு வந்தது. வேறு சில ஆய்வுகளில் இப்படிப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

உரமா, கிணறா?

இதை எப்படி எடுத்துக்கொள்வது? விவசாயிக்குச் சொன்னால் சட்டென்று புரியும்.

நம் கரிசல் காட்டில் இரண்டு பேர் மக்காச்சோளம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புது உரம் வாங்கிப் போட்டார். அவருக்கு மூட்டை அதிகம் கண்டது. பக்கத்துக் காட்டுக்காரர் உரம் போடவில்லை, விளைச்சலும் குறைவு. உடனே உரத்தின் மகிமை என்று சொல்லிவிடலாமா? முதல் ஆளுக்குக் கிணறு இருக்கிறது. காலத்தில் களை எடுக்கக் கையில் காசு இருக்கிறது. படைப்புழு வந்த அன்றே மருந்து அடித்துவிட்டார். மற்றவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். விளைந்தது உரத்தாலா, கிணற்றாலா? ஒரே காட்டைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உரம் போட்டு, மறு பாதிக்குப் போடாமல் விட்டு, மற்ற பண்டுதம் எல்லாம் சமமாகச் செய்து பார்த்தால்தான் உரத்தின் குணம் தெரியும்.

ஊசியிலும் அப்படித்தான். தானாகப் போய் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிற முதியவர் யார்? டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவர், சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர், அழைத்துப்போக மகனோ மருமகளோ இருக்கிறவர். அவர் கொரோனாவிலிருந்து தப்பியது ஊசியாலா, இந்தக் கவனிப்பாலா? ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் ஆய்வில் இதை முழுவதும் பிரித்தெடுக்க முடியாது. கணக்குப் போட்டு ஓரளவு சரிசெய்வார்கள். அவ்வளவுதான்.

காட்டைப் பாதியாகப் பிரிப்பது போல, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி என்று போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அப்படிப்பட்ட பெரிய சோதனை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை லட்சக்கணக்கான மக்களிடம் இப்படிச் சோதிக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு வந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. (சின்னக் குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது. அதனால் பிறந்த குழந்தைக்கு அதை விடாமல் போடுங்கள்.)

அதே பி.சி.ஜி. ஊசி கொரோனாவுக்கு உதவுமா என்ற கேள்வியும் 2020-ல் எழுந்தது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அதைப் பார்க்க ஓர் ஆய்வைத் தொடங்கியது. வெளிநாடுகளில் சுகாதாரப் பணியாளர்களிடம் சீட்டுக் குலுக்கிச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. பி.சி.ஜி. போட்டவர்களுக்குக் கொரோனா குறையவில்லை. ஒரு நோய்க்கான ஊசி இன்னொரு நோய்க்கும் கைகொடுக்கும் என்பது நல்ல ஆசைதான். ஆசையை நம்பி அப்பாயியின் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

கொரோனாவுக்கு அதன் சொந்த ஊசி

கொரோனாச் சாவை நிஜமாகத் தடுத்தது எது என்பதற்கும் தமிழ்நாட்டுக் கணக்கே இருக்கிறது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை அடித்தபோது, நம் மாநிலக் காவல்துறையில் 1,17,524 பேரின் விவரத்தைச் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். கொரோனா ஊசி இரண்டு தவணையும் போட்டவர்கள் 67,673 பேர். அவர்களில் இறந்தவர்கள் 4 பேர். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர்தான். அவர்களில் இறந்தவர்கள் 20 பேர். கணக்குப் பார்த்தால், இரண்டு தவணை ஊசி சாவை 95 விழுக்காடு தடுத்திருக்கிறது.

இதுவும் சீட்டுக் குலுக்கிப் பார்த்த ஆய்வு அல்ல. காவலர்கள் முதியவர்களும் அல்ல. ஆனால் ஆறில் ஒரு பங்கு என்பதற்கும் 95 விழுக்காடு என்பதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். உரம் கொஞ்சம், கிணறு கொஞ்சம் என்று சொல்லி இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது. கொரோனா ஊசிகளைச் சீட்டுக் குலுக்கிச் செய்த சோதனைகளும் தனியாக நடந்து, பலன் நிரூபணமாகியிருக்கிறது.

ஆகவே "போன வருஷம் ஃப்ளூ ஊசி போட்டாச்சு, கொரோனா ஊசி எதுக்கு?" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் 2021-ல் பயந்து ஒதுங்கிவிட்டவரா? ஒரு தவணையோடு நின்றவரா? இனி என்ன செய்யலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஃப்ளூ ஊசி எதற்கு?

முதற்காரணம், ஃப்ளூவே முதியவரைச் சாய்க்கும். நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சர்க்கரையை ஏற்றிவிடும். இதயத்தையும் விடாது. கனடா நாட்டில் 2018-ல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வருவது மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். "காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா திடீர்னு நெஞ்சு வலி வந்து போயிட்டாரு" என்று நாம் கேள்விப்படும் சாவுகளில் சிலவற்றுக்குப் பின்னால் இது இருக்கலாம்.

அடுத்த காரணம்தான் கொரோனாவோடு நேராகச் சம்பந்தப்பட்டது. இரண்டு கிருமியும் ஒரே நேரத்தில் ஓர் உடம்பில் புகலாம். இங்கிலாந்தில் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரம் 2022-ல் வெளியானது. அவர்களில் மற்ற வைரஸ்களுக்கும் பரிசோதனை செய்யப்பட்டவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். கொரோனாவோடு ஃப்ளூவும் சேர்ந்து வந்தவர்களுக்கு, கொரோனா மட்டும் வந்தவர்களைவிடச் செயற்கை சுவாசம் தேவைப்படும் வாய்ப்பு நான்கு மடங்கு, இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். ஃப்ளூ ஊசி கொரோனாவைத் தடுக்காவிட்டாலும் இந்த இரட்டை அடியில் ஓர் அடியைத் தடுக்கப் பார்க்கிறது. வயதான உடம்புக்கு அது பெரிய காரியம்.

ஃப்ளூ ஊசி நூற்றுக்கு நூறு பலிக்கும் என்று சொல்ல மாட்டோம். வைரஸ் ஆண்டுதோறும் சட்டை மாற்றிக்கொள்கிறது. ஊசி நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், ஃப்ளூவுக்காக டாக்டரிடம் ஓட வேண்டிய நிலை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைகிறது. முதியவர்களிடம் பலன் அதைவிடக் குறைவு. வந்தாலும் கடுமை தணிகிறது என்பது ஆறுதல். இப்படிச் சட்டை மாற்றுவதால்தான் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. இடையில் ஒரு வினோதம்: கொரோனா காலத்து ஊரடங்கும் முகக்கவசமும் சேர்ந்து ஃப்ளூவில் ஒரு கிளையையே அடக்கிவிட்டன போலும். 'பி' வகையில் யமகாட்டா என்ற பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டது வீண்போகவில்லை.

எப்போது, யாருக்கு, எவ்வளவு?

வடநாட்டில் ஃப்ளூ வேறு காலத்தில் ஏறும். தமிழ்நாட்டில் சென்னை, வேலூர் ஆகிய இடங்களில் பார்த்தவரை, வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிகமாகிறது. ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறும். எனவே ஆவணி, புரட்டாசியில் போட்டுவிடுவது உத்தமம். ஐப்பசியில் சின்ன வெங்காயம் ஊன்றும் வேலை மும்முரத்தில் இதை யாரும் நினைக்கப் போவதில்லை. கையோடு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

மேல்கையில் ஒரே ஊசி. போட்ட இடத்தில் வலி, ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல் வரலாம். "ஊசி போட்டா ஃப்ளூவே வந்துடுமாமே?" வராது. முதியோருக்குப் போடும் ஊசியில் இருப்பது உயிரிழந்த கிருமியின் துண்டுகள்தான். போட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்து, பிறகு அழைத்து வாருங்கள். நல்ல ஜுரம் இருக்கும் நாளில் தள்ளிப்போடுங்கள். முன்பு எந்த ஊசிக்காவது உடம்பு தடித்து மூச்சுத் திணறியிருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பிரசுரத்தால் பயனில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலவசமாகப் போடும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் முதியோர் ஃப்ளூ ஊசி சேர்க்கப்படவில்லை. ஹஜ் பயணம் போகும் முதியவர்களுக்குப் போடுகிறார்கள். மற்றவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அந்தச் சமயத்தில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வெளியில் வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகலாம். கூலி வேலை செய்யும் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல.

தாத்தா, அப்பாயி இருவரில் ஒருவருக்குத்தான் முடியும் என்றால் யாருக்கு? "ஆம்பளைக்கு முதல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். இருவரில் யாருக்கு இளைப்பு, இதய நோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதோ அவருக்கு முதலில். சிமெண்டு ஆலையிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ பல வருஷம் வேலை பார்த்து நெஞ்சில் சளி கட்டியிருப்பவர், அடுப்புப் புகையிலேயே காலம் தள்ளி மூச்சு வாங்குகிறவர், பீடி பிடித்தவர் எல்லாரும் இந்த வரிசையில் முன்னால் வருவார்கள். வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருந்தால் அவரையும் கணக்கில் சேருங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லியிருக்கிறது.

மருந்துக் கடையில் ஊசியை வாங்கி, மத்தியான வெயிலில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் காசு தண்டம். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. பனிக்கட்டியில் உறைந்தாலும் கெட்டுவிடும். பெரியவரை ஊசி இருக்கும் இடத்துக்கே அழைத்துப் போவதுதான் சுலபம்.

ஊசி போட்டாலும் காய்ச்சல் வந்தால்

வீட்டில் சின்னவர்கள் யாருக்காவது இருமல் ஜுரம் என்றால், அந்த நாலைந்து நாள் பேரப்பிள்ளையை அப்பாயியின் பாயில் படுக்க விடாதீர்கள். மனசு கேட்காதுதான். இருந்தாலும் சொல்லிப் புரியவையுங்கள். இருமுகிறவர் முகத்தில் துணி கட்டிக்கொள்ளட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பெரியவருக்கே வந்துவிட்டால் கடையில் போய் "காய்ச்சலுக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டு நாளை ஓட்டாதீர்கள். அந்தப் பொட்டலத்தில் இருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கென்று இருக்கும் மருந்து, நோய் தொடங்கிய இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். வயதானவர்களுக்கு ஜுரம் கொதிக்க வேண்டும் என்பதில்லை. உடம்பு சுடாமலே சோறு வேண்டாம் என்பார்கள், பேச்சுத் தடுமாறும், எழுந்தால் தள்ளாடி விழுவார்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றினாலோ, விட்ட காய்ச்சல் மறுபடி திரும்பினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போகும்போது அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும், ஃப்ளூ ஊசி, கொரோனா ஊசி போட்ட தேதிகளை எழுதிய சீட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.